நாய்க்கு நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால்: நுரையீரல் ஆபரேஷன் எப்போது, எப்படி

ஆன்டிபயாடிக் ஓடும்வரை நாய் நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறது, வாசலுக்கு ஓடி வருகிறது. கோர்ஸ் முடிந்து இரண்டு மூன்று வாரம் போனதும் பழையபடி ஈர இருமல், காய்ச்சல், தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலையில் போய்ப் படுத்துக்கொள்வது. திரும்ப ஊசி, திரும்ப மாத்திரை, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் வலுவான மாத்திரை. இப்படியே மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு கட்டத்தில் டாக்டர் "நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை எடுத்துவிடலாம்" என்பார். கேட்டதும் அடிவயிறு கலங்கும். நெஞ்சைத் திறப்பதா, நுரையீரலை வெட்டினால் அப்புறம் எப்படி மூச்சு விடும், இவ்வளவு வேதனை கொடுத்து வைத்திருக்க வேண்டுமா என்று மனசு போட்டு அலைக்கழிக்கும்.

அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல ஆபரேஷன். சரியான நாய்க்குச் செய்தால் நோயை அடியோடு தீர்க்கும். ஆனால் சீழ் நுரையீரலின் ஒரே பகுதியில் இருக்க வேண்டும், அது ஆறாமல் இருப்பதற்கான காரணமும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். காரணம் உணவுக்குழாயிலோ தொண்டையிலோ இருந்தால், ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு மிச்சமிருக்கும் பகுதியில் வரும். ஆகவே "ஆபரேஷன் செய்யலாமா" என்று கேட்பதற்கு முன்னால் "ஏன் திரும்பத் திரும்ப வருகிறது" என்பதற்குப் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் கிடைக்காமல் கத்தியை எடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நாய் நுரையீரல் எப்படி அமைந்திருக்கிறது

நாயின் நுரையீரல் தனித்தனி மடல்களாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் நான்கு. ஒவ்வொரு மடலுக்கும் தனியாக ஒரு மூச்சுக்கிளைக் குழாய், தனியாக ரத்தக் குழாய்கள். அதனால்தான் ஒரு மடலை அதன் அடியில் கட்டி முழுதாக எடுத்துவிட முடிகிறது, பக்கத்து மடல் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எவ்வளவு எடுக்கலாம்? மிச்சம் ஆரோக்கியமாக இருந்தால் மொத்த நுரையீரலில் ஏறக்குறைய பாதிவரை ஒரே தடவையில் எடுத்தாலும் நாய் தாங்கும். இடப்பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்த நாய்கள் பிழைத்து நன்றாக வாழ்ந்திருக்கின்றன. வலப்பக்கம் அளவில் பெரியது, அதை முழுதாக எடுப்பதில் ஆபத்து அதிகம். பெரும்பாலான நாய்களுக்கு எடுக்க வேண்டியிருப்பது ஒரே ஒரு மடல்தான். அதுவும் பல மாதமாகச் சீழ் கட்டி, காற்றே நுழையாமல் கிடக்கிற மடல். அது இருந்தும் மூச்சுக்கு உதவுவதில்லை, எடுப்பதால் மூச்சில் பெரிதாகக் குறைவதும் இல்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

பழைய எக்ஸ்ரேக்களை எல்லாம் ஒன்றாக வையுங்கள்

ஒவ்வொரு தடவை காய்ச்சல் வந்தபோதும் எடுத்த எக்ஸ்ரேக்களைத் தேடி எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள், எப்போது நிறுத்தினீர்கள், நிறுத்தி எத்தனை நாளில் திரும்பியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருந்துச்சீட்டு தொலைந்திருந்தால் மெடிக்கல் ஷாப் பில்லைப் பார்த்தாவது எழுதுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் டாக்டருக்கு இதைவிட உதவியான காகிதம் வேறு இல்லை. வெள்ளைத் திட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இருக்கிறதா, இடம் மாறி மாறி வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரே இடம் என்றால் அந்த மடலுக்குள் ஏதோ இருக்கிறது. இடம் மாறினால், அல்லது இரண்டு பக்கமும் வந்தால், பிரச்சினை வேறு எங்கோ.

எக்ஸ்ரே எடுக்கும்போது மூன்று கோணங்களில் கேளுங்கள்: வலப்பக்கம் படுக்கவைத்து ஒன்று, இடப்பக்கம் படுக்கவைத்து ஒன்று, நேராக ஒன்று. நாய் எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்க நுரையீரல் அமுங்கிவிடும், அதில் இருக்கும் நோய் படத்தில் மறைந்துபோகும். ஒரே ஒரு படம் எடுத்து "கிளியர்" என்று சொல்லி அனுப்பப்பட்ட நாய்கள் ஏராளம். அப்புறம், நன்றாக இருக்கும்போதும் ஒரு படம் வேண்டும். கோர்ஸ் முடிந்து நாய் குஷியாகத் திரிகிற சமயத்தில் காசு செலவழித்து எக்ஸ்ரே எடுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் நிமோனியா உண்மையிலேயே கரைந்ததா, இல்லை மருந்தில் அடங்கிக் கிடக்கிறதா என்று அந்தப் படம்தான் சொல்லும்.

ஆபரேஷனால் தீராத காரணங்கள்

முதலில் இவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

உணவுக்குழாய் விரிந்து தொளதொளத்துப் போயிருப்பது இதில் பெரிய காரணம். சாப்பாடு வயிற்றுக்கு இறங்காமல் வழியிலேயே தங்கி, பின்னால் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "வாந்தி எடுக்கிறது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். வாந்தி என்றால் வயிறு எக்கி எக்கி, ஓங்கரித்து, அப்புறம் வரும். உணவுக்குழாய்ப் பிரச்சினையில் எந்த முயற்சியும் இருக்காது. தலையைக் குனிந்ததும் செரிக்காத சோறு அப்படியே வழிந்து விழும், சில சமயம் குழாய் வடிவத்திலேயே விழும். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், அதை வைத்தே பாதி முடிவு ஆகிவிடும். நம் ஊர் நாய்களுக்கு இன்னொன்றும் உண்டு. சாணி வண்டைத் தின்னும் நாய்களுக்கு ஸ்பைரோசெர்கா என்ற புழு உணவுக்குழாய்ச் சுவரில் கட்டி கட்டியாக வளரும், அதனாலும் சாப்பாடு எதிர்த்து வரும். இதற்கு மருந்து உண்டு.

வயதான லாப்ரடார் மாதிரி பெரிய நாய் என்றால் குரல்வளையையும் பாருங்கள். குலைக்கும் சத்தம் கரகரத்துப் போயிருக்கிறதா, மூச்சு இழுக்கும்போது இரைச்சல் கேட்கிறதா, தண்ணீர் குடித்ததும் இருமுகிறதா? குரல்வளை வாதத்தில் மூச்சுக்குழாயின் வாசல் சரியாகத் திறந்து மூடாது. அதற்கு ஆபரேஷன் தனி, நுரையீரல் ஆபரேஷன் அல்ல.

குட்டியிலிருந்தே மூக்கு ஒழுகிக்கொண்டு, இருமிக்கொண்டு, வருடம் முழுக்கச் சளியோடு வளர்ந்த நாய் என்றால் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளி வெளியேற்றும் நுண்ணிய இழைகள் பிறவியிலேயே வேலை செய்யாமல் இருக்கலாம். அது எல்லா மடலிலும் இருக்கும் கோளாறு, ஒன்றை எடுத்துப் பயன் இல்லை.

கடைசியாக, நம் வீடுகளில் நடப்பது. சாப்பிடாத நாயின் வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றுவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது, கஷாயம் ஊற்றுவது. பாசத்தில்தான் செய்கிறோம், ஆனால் தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு ஊற்றினால் அதில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போய்விட நிறைய வாய்ப்பு உண்டு. எண்ணெய் இன்னும் மோசம், அது இருமலைக்கூடத் தூண்டாமல் நழுவி உள்ளே இறங்கிவிடும். இது நடக்கிறது என்றால் இன்றே நிறுத்துங்கள். சில நாய்களுக்கு வேறு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாமலே போகலாம்.

ஆபரேஷனால் தீரும் காரணங்கள்

ஒரு மடலில் சீழ்க்கட்டி. ஒரு மடலின் மூச்சுக்கிளைக் குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கிக் கிடப்பது. ஒரு மடலின் குழாயை அடைக்கும் கட்டி. மடல் தன் அடியிலேயே முறுக்கிக்கொள்வது. இது ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு வலப்பக்க நடு மடலிலும், பக் நாய்களுக்கு இடப்பக்க முன் மடலிலும் அதிகம் வரும், இதற்கு மட்டும் காத்திருக்கவே கூடாது, அவசர ஆபரேஷன். அப்புறம் மூச்சில் உள்ளே போய்விட்ட அந்நியப் பொருள்.

இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஓட்ட நாய்களுக்கு இது உண்மையான ஆபத்து. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி நாய்களைக் காட்டில், தரிசில் ஓடவிடுகிறோம். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு முழு வேகத்தில் புல்லுக்குள் பாயும் நாய், ஊசிப்புல் விதையை மூச்சோடு உள்ளே இழுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும். அந்த விதையின் அமைப்பைக் கையில் வைத்துப் பார்த்தால் புரியும்: நுனி கூர், அதன்மேல் பின்னோக்கிச் சாய்ந்த மயிர்கள். முன்னால் போகும், பின்னால் வராது. நாய் இருமினால்கூட ஒவ்வொரு மூச்சுக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளேதான் நகரும். பெரும்பாலும் பின் மடல்களில் போய்த் தங்கும். எக்ஸ்ரேயில் தெரியாது. அதோடு வாயில் இருக்கும் கிருமிகளும் கூடவே போவதால் அங்கே சீழ் பிடிக்கும், ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும், விதை அங்கேயே இருப்பதால் நிறுத்தியதும் திரும்பும். சில நேரம் நுரையீரலைத் துளைத்துக்கொண்டு நெஞ்சறைக்குள் வந்து அங்கே சீழ் நிரம்பும், இன்னும் போய் விலாவிலோ இடுப்பிலோ கட்டியாக வெளியே உடையும். ஓட்ட நாய்க்கு ஆறாத இருமலோடு விலாவில் புண்ணும் வந்தால் இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்க்கவே கூடாது.

விதை உள்ளே போன ஓரிரு நாளிலேயே, வேட்டைக்கோ ஓட்டத்துக்கோ போய்வந்த உடனே திடீரென்று இருமல் ஆரம்பித்த சமயத்திலேயே, பிராங்கோஸ்கோப் கருவியை மூச்சுக்குழாய்க்குள் விட்டு விதையை இடுக்கியால் எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அப்படி எடுத்துவிட்டால் நெஞ்சைத் திறக்கும் வேலையே இல்லை. ஆகவே "நேற்று ஓடினான், இன்று இருமுகிறான்" என்றால் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

என்னென்ன சோதனை

சி.டி. ஸ்கேன் எடுக்க வசதி இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். எக்ஸ்ரேயில் ஒரு மடலில் மட்டும் இருப்பதாகத் தெரிவது சி.டி.யில் மூன்று மடலில் இருக்கலாம். அப்படியென்றால் ஆபரேஷன் முடிவே மாறிவிடும். விதை போன தடம், நெஞ்சறைக்குள் சின்னச் சீழ்க்கட்டி, குழாய் விரிவு எல்லாம் அதில்தான் தெளிவாகத் தெரியும். மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், அதே மயக்கத்தில் பிராங்கோஸ்கோப்பியும் செய்து, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரியாமல் நாலாவது ஐந்தாவது ஆன்டிபயாடிக் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. கல்ச்சருக்கு முன்னால் மருந்தை நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களுக்கு வெகு சாதாரணம், வெளியே ஒன்றும் தெரியாமலே தட்டணு குறைந்து கிடக்கும், அந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் ரத்தம் நிற்காது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கல்லீரல், சிறுநீரகம், இதயப்புழு, வயதான நாய் என்றால் இதய எக்கோ, இவையும் வழக்கமாகப் பார்ப்பவை.

எங்கே செய்வது

நெஞ்சைத் திறந்த நொடியிலிருந்து நாயால் தானாக மூச்சு விட முடியாது. நுரையீரல் சுருங்கிவிடும், வெளியிலிருந்து காற்றை அழுத்தி உள்ளே செலுத்தியாக வேண்டும். ஆகவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆபரேஷன் தியேட்டரில் வென்டிலேட்டர் இருக்கிறதா? மயக்க மருந்தைப் பார்த்துக்கொள்ள, அறுவை செய்கிறவரைத் தவிர தனியாக ஒருவர் இருப்பாரா? இதற்கு முன் நுரையீரல் மடல் எடுத்திருக்கிறார்களா? ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க நாய் தயாராக இருக்குமா? ஆக்சிஜன் கூண்டு உண்டா?

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ராத்திரிக் கேள்வி. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு ராத்திரி நாயின் பக்கத்தில் யார் விழித்திருப்பார்கள்? நெஞ்சில் குழாய் போட்ட நாயைக் கூண்டில் விட்டுப் பூட்டிவிட்டுக் காலையில் வந்து பார்க்கும் இடம் என்றால், எவ்வளவு பெரிய கைராசிக்கார சர்ஜனாக இருந்தாலும் அங்கே வேண்டாம். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் முதலில் ஆலோசனை கேட்கலாம். எங்கே போவதானாலும் போன் செய்து, தேவையான கருவிகள் இப்போது இயங்குகின்றனவா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், மூச்சு வாங்கும் நாயை வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம். செலவை ஒரே தொகையாகக் கேட்காமல் ஸ்கேன், ஆபரேஷன், ஐ.சி.யூ. ஒரு நாளைக்கு, கல்ச்சர், திசுப் பரிசோதனை என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பட்ஜெட் இடிக்கும்போது கடைசி இரண்டையும்தான் முதலில் வெட்டுவார்கள், அவற்றை வெட்டவே கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்கள்

காய்ச்சல் கொதிக்கும்போது ஆபரேஷன் செய்வதைவிட, மருந்தால் கொஞ்சம் அடக்கி, நாய் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கும்போது செய்வது நல்லது. சீழ்க்கட்டி உடையும் நிலை, மடல் முறுக்கு மாதிரி அவசரங்களுக்கு இது பொருந்தாது. இடைப்பட்ட நாட்களில் டாக்டர் சொன்னால் வெறும் சலைன் வைத்து நெபுலைசர் பிடிக்கலாம், பிடித்ததும் உள்ளங்கையைக் குவித்து விலாவின் இரு பக்கமும் ஐந்து நிமிடம் மெதுவாகத் தட்டிவிடலாம், சளி இளகி மேலே வரும். இருமலை நிறுத்தும் சிரப் கொடுக்கவே கூடாது. நிமோனியாவில் இருமல்தான் சீழை வெளியேற்றும் வழி.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டைக்கு மாற்றுங்கள். ஸ்டீராய்டு, வலி மாத்திரை, நாட்டு மருந்து என்று எது கொடுத்திருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கிடையாது என்பார்கள், தண்ணீர் எதுவரை என்று தனியாகக் கேட்டு வையுங்கள். வீட்டில் யாராவது பாவம் பசிக்கிறது என்று காலையில் ஒரு இட்லி கொடுத்துவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதுதான், ஆகவே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது

தோளிலிருந்து கடைசி விலாவரை மழித்து, நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் திறப்பார்கள். பெரும்பாலும் 4-லிருந்து 6-வது இடைவெளிக்குள். எந்த மடல் என்பதைப் பொறுத்து இது மாறும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டுமென்றால், விதை எங்கே என்றே தெரியவில்லை என்றால், நெஞ்செலும்பை நடுவில் பிளந்து திறப்பார்கள். சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் முறையும் உண்டு, வலி குறைவு, சீக்கிரம் எழுந்துவிடும். ஆனால் பல மாதம் சீழ் பிடித்த மடல் சுற்றியிருக்கும் சுவரோடு ஒட்டிப் போயிருக்கும், அதைக் கேமராவில் பிரித்தெடுப்பது கஷ்டம், பாதியில் திறக்க வேண்டி வரலாம்.

தொற்றுக்கு எடுக்கும்போது மடலின் ஒரு துண்டை மட்டும் வெட்டுவதைவிட முழு மடலையும் எடுப்பதே வழக்கம், நோய் எங்கே முடிகிறது என்று கண்ணால் கோடு போட முடியாது. மடலைக் கசக்காமல் கையாள வேண்டும், அதன் மூச்சுக்கிளைக் குழாயை முடிந்தவரை சீக்கிரம் கிளிப் போட்டு அடைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் சீழ் வழிந்து நல்ல மடலுக்குப் போய்விடும். ரத்தக் குழாய்களையும் மூச்சுக்கிளையையும் தனித்தனியாகக் கட்டியோ, ஸ்டேப்லரால் ஒரே மூச்சில் அடைத்தோ மடலை வெட்டி எடுப்பார்கள்.

அடுத்து வருவதுதான் மொத்த ஆபரேஷனிலும் முக்கியமான சில நிமிடங்கள். நெஞ்சறைக்குள் வெதுவெதுப்பான சலைனை ஊற்றி, வெட்டிய அடியை அதில் மூழ்கவைத்து, நுரையீரலைக் காற்றடித்து ஊத வைப்பார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதே தான் இது. குமிழி வந்தால் இன்னொரு தையல், வராதவரை மூட மாட்டார்கள். அப்புறம் நெஞ்சறைக்குள் ஒரு டிரெயின் குழாய் வைத்து, விலாக்களைச் சுற்றிக் கட்டி இழுத்து மூடுவார்கள். விலா நரம்புகளுக்கு மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தால் நாய் ஆழமாக மூச்சு இழுக்காது, இழுக்காவிட்டால் மிச்ச நுரையீரல் விரியாது.

எடுத்த மடலை அங்கேயே கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு சிப்பிப்பாறைக்கு எடுத்த மடல் பழுப்பேறிக் கெட்டியாக இருந்தது, தண்ணீரில் போட்டபோது மூழ்கியது. நல்ல நுரையீரல் மிதக்கும். மூச்சுக்கிளையை ஓரமாகக் கத்தரித்துக்கொண்டே போனபோது சீழுக்கு நடுவில், கடைசிக் கிளையில், கறுத்துப்போன ஒரு புல் விதை கிடந்தது, மயிர்கள் அப்போதும் விறைப்பாகவே இருந்தன. அது கையில் கிடைத்துவிட்டால் நிம்மதி, காரணம் போய்விட்டது என்று அடித்துச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் நெஞ்சறை முழுவதையும் இன்னொரு தடவை தேட வேண்டும். மடலிலிருந்து ஒரு துண்டு கல்ச்சருக்கு, ஒரு துண்டு திசுப் பரிசோதனைக்கு. சீழ் என்று நினைத்து எடுத்தது புற்றாக இருந்ததும் உண்டு.

முதல் சில நாள்

டிரெயின் குழாயில் வரும் நீரையும் காற்றையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உறிஞ்சி அளந்து எழுதுவார்கள். காற்று வருவது நின்று, நீர் ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 2 மில்லி அளவுக்கு இறங்கினால் குழாயை எடுப்பார்கள். 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 40 மில்லி என்று கணக்கு. குழாய் இருக்கும்வரை கழுத்தில் கூம்புப் பட்டை கட்டாயம். நாய் அதைக் கடித்து இழுத்துவிட்டால் வெளிக்காற்று நேராக நெஞ்சுக்குள் போகும், சில நிமிடத்தில் உயிருக்கே ஆபத்து. "பாவமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் கழற்றுங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காற்றுக் கசிவு, ரத்தக் கசிவு, நெஞ்சறையில் சீழ், மிச்ச மடல்களில் நிமோனியா, இந்த நான்கும்தான் இந்த நாட்களில் பயப்பட வேண்டியவை. இந்தக் கண்டத்தைத் தாண்டிய நாய் பெரும்பாலும் தேறிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

தினமும் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று, முழுதாக ஒரு நிமிடம் எண்ணி, தேதியோடு சுவரில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். தூக்கத்தில் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நேற்று 22, இன்று 28, நாளை 36 என்று ஏறினால், நாய் வெளியே சாதாரணமாகத் தெரிந்தாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் மற்ற அறிகுறிகளுக்கு முன்னால் இந்த எண்தான் ஏறும்.

அந்தப் பக்க முன்னங்கால் சில நாள் நொண்டும், தசையை வெட்டியதால் வருவது, தானாகச் சரியாகும். தையலுக்குக் கீழே கொஞ்சம் நீர் கோத்து மெத்தென்று இருப்பதும் வழக்கம்தான், டாக்டரிடம் ஒரு படம் அனுப்பினால் போதும். ஆனால் தோலை அமுக்கினால் நறநறவென்று சத்தம் வந்தால் அது தோலுக்கடியில் காற்று, உடனே போக வேண்டும். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, படுக்கவே முடியாமல் முழங்கையை அகட்டி உட்கார்ந்தே இருப்பது, ஈறு நீலம் பாய்வது, 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். அதுவரை குளிப்பாட்டக் கூடாது. ஏறக்குறைய ஒரு மாதம் ஓட்டம், மாடிப்படி, மற்ற நாயோடு கட்டிப் புரள்வது எதுவும் கிடையாது, கயிற்றில் பிடித்து வெளிக்குப் போய்வருவதோடு சரி. நெஞ்சுப் பட்டை காயத்தில் உரசினால் தளர்த்திக் கட்டுங்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டில் இருக்கும் புரூஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு இவை குடலையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். ஆன்டிபயாடிக் கல்ச்சர் ரிசல்ட்டைப் பார்த்து மாற்றப்படலாம், சொன்ன நாள்வரை கொடுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே, மருந்தெல்லாம் நிறுத்திச் சில வாரம் கழித்து இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் நோய் தீர்ந்ததா என்று சொல்லும் படம். வீட்டில் கொசுவத்தி, சாம்பிராணி, விறகுப் புகை எதுவும் அது படுக்கும் அறைக்குள் வேண்டாம்.

நெஞ்சுக்குள் மிச்ச மடல்கள் மெல்ல விரிந்து காலி இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஒரு மடல் போன வீட்டு நாய்க்கும் மற்ற நாய்க்கும் நடையிலோ விளையாட்டிலோ வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓட்ட நாய்க்குப் பழைய வேகம் திரும்ப மாதங்கள் ஆகலாம்.

எவ்வளவு நம்பலாம்

அமெரிக்காவில் 1972 முதல் 1994 வரை நிமோனியாவுக்காக மடல் எடுக்கப்பட்ட 59 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 1997-ல் ஒரு ஆய்வு வந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்ட நாய்களுக்கு நிமோனியா முழுதாகத் தீர்ந்திருந்தது. இதைப் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம் என்று படிக்க வேண்டாம். ஒரே மடல், எடுக்கக்கூடிய காரணம், மிச்ச நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றால் உங்கள் நாய் தேறும் பக்கத்தில் இருக்கிறது. பல மடல்கள், காரணம் தெரியவில்லை, ஏற்கெனவே ஆக்சிஜன் இல்லாமல் தாங்கவில்லை என்றால் மறுபக்கம். டாக்டரிடம் "எத்தனை சதவீதம்" என்று கேட்பதைவிட, "என் நாய் இதில் எந்தப் பக்கம், ஏன்" என்று கேளுங்கள், நேர்மையான பதில் வரும்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானால்

அப்படி முடிவாவது நாயைக் கைவிடுவது ஆகாது. உணவுக்குழாய் விரிந்த நாய்க்குச் சாப்பாட்டை உருண்டையாக்கி, முன்னங்கால்களை உயரத்தில் வைத்து நிமிர்ந்த நிலையில் ஊட்டி, சாப்பிட்டு 15 முதல் 20 நிமிடம் அப்படியே பிடித்து வைத்திருந்தால் நிமோனியா வரும் தடவைகள் வெகுவாகக் குறையும். சோறு, கூழ், உருண்டை எது அதற்கு ஒழுங்காக இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும், நாய்க்கு நாய் மாறும். இதில் சில நாய்களுக்குத் தசைச்சோர்வு நோய் இருக்கும், அதற்கு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் உண்டு, கேட்டுச் செய்யுங்கள். மூச்சுக்கிளைக் குழாய் விரிவு எல்லா மடலிலும் இருந்தால் தினமும் காலை, மாலை நெபுலைசர், தட்டிவிடுவது, வருடா வருடம் தடுப்பூசி, உடம்பு எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது. தூக்க மூச்சை எண்ணும் காகிதம் இந்த நாய்களுக்கும் சுவரில் இருக்கட்டும். எண் ஏற ஆரம்பித்த அன்றே டாக்டரிடம் போய்க் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள், முன்பு மிச்சமிருந்த மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனால் அந்தக் கல்ச்சரில் ஒன்றும் வளராது.